மணி அடித்தார் பாவ்லோவ்... மணியை அடித்தேன் நான்!

அப்பாவை மணி கடித்தபோது காலை மணி ஏழே கால்.

(முதல் மணி எங்கள் வீட்டு நாய். இரண்டாவது மணி கடிகாரத்தில். இந்தக் குழப்பம் கட்டுரை முழுக்க வரும். பொறுத்தருள்க!)

தரையில் கிடந்த பேப்பரை எடுக்கக் குனிந்தார் அப்பா. பக்கத்தில் மணியின் சாப்பாட்டுத் தட்டு. ஒரு குரைப்பு கிடையாது, உறுமல் கிடையாது. லபக்! வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து, பேப்பரின் விளையாட்டுப் பக்கம் முழுக்க ரத்தம்.

அம்மா மஞ்சள் பொடி டப்பாவோடு ஓடி வந்தாள். நல்ல வேளை, எதிர் ஃபிளாட்டில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். "மஞ்சளும் வேணாம், காப்பிப் பொடியும் வேணாம்" என்று டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மணிக்குத் தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தும் டாக்டர் ரிஸ்க் எடுக்கவில்லை. கடித்த அன்று ஒன்று, பிறகு 3, 7, 14, 28-ம் நாட்கள் என்று ஐந்து ஊசிக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

எனக்குத் திக்கென்றது. காரணம், அந்த ஆட்டோவில் இருந்த மூன்று பேரில் குற்றவாளி யார் என்று எனக்கு மட்டும் லேசாகத் தெரிந்திருந்தது.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவே ஏரியாகிவிட்டது. அபார்ட்மென்ட் மாடிப்படியில், மூன்றாவது படி வரை தண்ணீர். நான்காவது படியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் குட்டி. தாயைக் காணோம். 'தண்ணி வடியற வரைக்கும்தான்' என்று அம்மாவிடம் சத்தியம் செய்து தூக்கி வந்தேன். மூன்று நாளில் தண்ணீர் வடிந்துவிட்டது. மணி வடியவில்லை.

எட்டு மாதம் வரை ராஜா மாதிரி இருந்தான். பிறகு சேட்டை. செருப்பு, ரிமோட், அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் ஒரு மூலை. ஆபீஸில் ஒரு நண்பர், 'தெரிஞ்ச ஆள் இருக்கார், முப்பது நாள்ல டிரெயின் பண்ணிக் குடுத்துடுவார்' என்றார்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒருத்தர் வந்தார். கையில் ஒரு பிரம்பு, இழுத்தால் கழுத்தை இறுக்கும் ஒரு சங்கிலி. மணியை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவார். மாடியிலிருந்து 'சிட்!' 'நோ!' என்று மிலிட்டரிக் குரல் கேட்கும். நடுநடுவே 'வீல்' என்று இன்னொரு குரல். "நீங்க மேல வராதீங்க ஸார், ஓனரைப் பார்த்தா நாய் செல்லம் கொஞ்சும்" என்பார். நானும் பல் தேய்த்துக்கொண்டே 'ஆஹா, கல்வி!' என்று பூரித்திருக்கிறேன்.

முப்பதாம் நாள் மணி பிரமாதமாக உட்கார்ந்தான். அவருக்கு மட்டும்! நாங்கள் 'சிட்' என்றால் வேறு பக்கம் பார்த்தான். போதாததற்கு, யார் கையை ஓங்கினாலும் - சீலிங் ஃபேன் சுவிட்சைப் போடக் கையைத் தூக்கினாலும் - தரையோடு ஒட்டிக்கொண்டான்.

அந்த ஆசாமி போகும்போது சொல்லிவிட்டுப் போன மந்திரம்: "உறுமினா உடனே மூக்குல ஒண்ணு போடுங்க ஸார். நீங்கதான் தலைவன்னு அதுக்குத் தெரியணும்."

அக்கா பையனுக்கு நாலு வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியின் தட்டில் கை விட்டான். மணி 'உர்ர்' என்றான். நான் சுருட்டிய பேப்பரால் மூக்கில் ஒன்று போட்டேன். அடுத்த வாரமும் அதே உர்ர், அதே பேப்பர். மூன்றாவது வாரம் உறுமவில்லை. 'பார்த்தீங்களா, ஒரு மாசத்துல திருத்திட்டேன்' என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம்தான் அப்பா பேப்பரை எடுக்கக் குனிந்தார்.

ஊசி போட்ட அன்று சாயந்திரம் வீட்டில் கூட்டம். ஆளுக்கு ஒரு யோசனை. "வண்டலூர் தாண்டிக் கொண்டு போய் விட்டுட்டு வந்துடு தம்பி, அங்க பொழைச்சுக்கும்" என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி. வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டு வருவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தெரியாமலேயே 'மாட்டேன்' என்று சொன்னதுதான் அந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

அப்பாவின் கால் பிடித்து, கை பிடித்து (இடது கை!), ஐந்தாவது ஊசி போடும் நாள் வரை அவகாசம் வாங்கினேன். இருபத்தெட்டு நாள்.

கால்நடை டாக்டர்தான் அந்த மேடத்தைப் பற்றிச் சொன்னார். ஞாயிறு காலை ஆறரைக்கு, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நாய்களுக்கு வகுப்பு நடத்துகிறார். போனேன். ஏழெட்டு நாய்கள். லாப்ரடார், ஒரு ஒல்லிப்பிச்சான் சிப்பிப்பாறை, இரண்டு நாட்டு நாய், அம்மா மடியை விட்டு இறங்காத ஒரு பொமரேனியன். பிரம்பைத் தேடினேன். காணோம். ஒவ்வொருவர் இடுப்பிலும் மருதாணிப் பை மாதிரி ஒரு சின்னத் துணிப் பை, அதற்குள் வேக வைத்த கோழித் துணுக்கு. நாய் உட்கார்ந்தால் 'குட்!', ஒரு துணுக்கு. திரும்பிப் பார்த்தால் 'குட்!', ஒரு துணுக்கு. கல்யாணப் பந்தி தோற்றது.

மணி மைதானத்தின் கேட்டிலேயே நின்றான். உதட்டை நக்கினான். கொட்டாவி விட்டான். மேடம் இருபது அடி தூரத்திலிருந்தே என்னைக் கை காட்டி நிறுத்திவிட்டார்.

"உங்க பையனுக்கு இப்ப கிளாஸ் வேண்டாம். பயந்து போயிருக்கான்."

"இல்ல மேடம், தூக்கம். கொட்டாவி விடறான்."

"நீங்க இன்டர்வியூவுக்கு முன்னால உதட்டை நக்கிக்கறதில்லையா? அது தூக்கமா?"

குட்டி நாய்க்கும், சேட்டை நாய்க்கும்தான் கூட்டு வகுப்பு. பயத்தில் கடிக்கிற நாய்க்கு வீட்டுக்கே வந்து தனி டியூஷன். பயந்த பிள்ளையைக் கூட்டத்தில் தள்ளினால் இன்னும் பயந்துகொள்ளும் என்றார். ஃபீஸைக் கேட்டேன். என் பைக்குக்கு ஒரு மாதப் பெட்ரோல். பஸ் பாஸ் எடுத்துக்கொள்வது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தார். முதல் அரை மணி நேரம் மணியை அவர் தொடக்கூட இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். அம்மா 'உக்காருடா கண்ணா' என்றாள். அப்பா 'சிட்' என்றார், சுவரைப் பார்த்தபடி. நான் 'சிட், சிட், மணி, சிட், ஏய், சிட்டுன்னா சிட்டு!' என்றேன்.

"மணி எந்த ஊர்ல பொறந்தான்?" என்றார் மேடம்.

"இதே தெரு."

"அப்புறம் எதுக்கு இங்கிலீஷ்?"

எந்த பாஷையானாலும் சரி, வீடு முழுக்க ஒரே வார்த்தை, ஒரே ஒரு தடவை. 'உக்கார்'. அவ்வளவுதான். ஐந்து தடவை சொன்னால், ஐந்தாவது தடவைதான் உட்கார வேண்டும் என்பதை நாய் கற்றுக்கொள்கிறதாம். (எங்கள் ஆபீஸில் ஃபைல் நகர்வதும் இதே சித்தாந்தப்படிதான்.)

பிறகு நான் பேப்பர் சமாச்சாரத்தை ஒப்புக்கொண்டேன். மேடம் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"உறுமல்ங்கறது என்ன தெரியுமா? 'தள்ளிப் போ, எனக்குப் பயமா இருக்கு, நான் கடிக்க விரும்பலை'ன்னு அது கெஞ்சறது. நீங்க அதுக்கு அடிச்சீங்க. பயம் போகலை. கெஞ்சறதை மட்டும் நிறுத்திடுச்சு. வீட்ல தீ எரியுது, அலாரம் கத்துதுன்னு அலாரத்தைப் புடுங்கிப் போட்டுட்டீங்க."

அப்பா கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஐந்து ஊசியே தேவலை.

'தலைவன்' விஷயத்தையும் கேட்டேன். சிரித்தார். அன்று ராத்திரி உட்கார்ந்து நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1940-களில் ருடால்ஃப் ஷெங்கல் என்கிற விஞ்ஞானி ஸ்விட்சர்லாந்தின் பேஸல் மிருகக்காட்சி சாலையில், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்தார். அவை ஓயாமல் அடித்துக்கொண்டன. ஓநாய்க் கூட்டத்தில் அடித்து ஜெயிப்பதுதான் தலைவன் என்ற கதை அங்கிருந்துதான் கிளம்பியது. அமெரிக்காவில் டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய்ப் புத்தகத்தால் அது ஊரெல்லாம் பரவியது. ஆனால் அதே மெக், காட்டிலேயே வருஷக்கணக்கில் ஓநாய்களைப் பார்த்துவிட்டு, 1999-ல் 'அப்படி இல்லை' என்று எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்கள் பிள்ளைகள். தலைவன் என்று நாம் நினைத்தது அப்பா ஓநாய்! தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடமே கேட்டுக்கொண்டார் மனிதர். ஆதம்பாக்கம் மொட்டை மாடிக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

பாவ்லோவைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சோறு போடுவதற்கு முன்னால் மணி அடித்து அடித்து, பிறகு மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊற வைத்த ரஷ்யர். (மணி மட்டும் இல்லை, டிக்டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமும் வைத்திருந்தார்.) 1904-ல் நோபல் பரிசு வாங்கியது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அவர் மணி அடித்தார், நான் மணியை அடித்தேன். அவருக்கு நோபல், எனக்கு ஆஸ்பத்திரி பில்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத ஒரு கதை இருக்கிறது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெரு வெள்ளம். பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நீந்தி, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுத்து வர முடிந்தது. பிழைத்தன. ஆனால் சில நாய்களுக்கு, கற்றுக்கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. பல நாள் கழித்து, கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டதும் ஒரு நாய்க்குப் பழைய நடுக்கம் அப்படியே திரும்பி வந்தது.

இதைப் படித்தபோது ராத்திரி பதினொன்றரை. எங்கள் அபார்ட்மென்டில் ஓவர்ஹெட் டாங்க் நிரம்பி வழியும்போதெல்லாம் மணி பாத்ரூம் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். 'சோம்பேறி நாய்' என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

டியூஷனுக்கு வருவோம். மேடம் கொடுத்த முதல் ஹோம்வொர்க் மணிக்கு இல்லை, அப்பாவுக்கு.

மணி சாப்பிடும்போது அப்பா ஆறடி தூரத்தில் நடந்து போக வேண்டும். போகிற போக்கில், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் தூக்கிப் போட வேண்டும். நிற்கக்கூடாது, பேசக்கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு நாலைந்து தடவை. 'இந்த ஆள் வந்தால் நம் சோறு பறிபோகும்' என்கிற கணக்கை, 'இந்த ஆள் வந்தால் இன்னும் கிடைக்கும்' என்று மாற்றுகிற வேலை. மணியின் உடம்பு இளக்கமாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அரை அடி கிட்டே போகலாம். விறைத்தால் ஓரடி பின்னால். கடித்த நாய் என்பதால் ஒவ்வொரு அரை அடிக்கும் மேடத்தின் அனுமதி வேண்டும். அக்கா பையனுக்கு இதில் வேலையே இல்லை. மணி சாப்பிடும்போது அவன் வேறு அறையில், கதவு சாத்தி. இதில் பேச்சுக்கே இடமில்லை என்றுவிட்டார்.

"லஞ்சம் குடுத்து நாய் வளர்க்கச் சொல்றீங்களா?" என்றார் அப்பா. "அடியாத மாடு படியாதும்மா. இவனையெல்லாம் நான் பெல்ட்டாலதான் வளர்த்தேன்."

"உங்க ஸர்வீஸ்ல ஒண்ணாந்தேதி கவர்மென்ட் குடுத்துதே ஸார், அதுக்குப் பேரு லஞ்சமா?"

அப்பா முப்பத்திரண்டு வருஷம் கவர்மென்ட் ஸர்வீஸ். பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை நாளைக்குக் கோழி போட்டுக்கிட்டே இருக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு மேடம் சொன்ன விடை எனக்குப் பிடித்தது. 'உக்கார்' மாதிரிப் பாடங்களில், கற்றுக்கொள்ளும்வரை ஒவ்வொரு தடவையும் துண்டு. கற்றுக்கொண்டபின் எப்போதாவது. 'இந்தத் தடவை கிடைக்குமோ?' என்கிற நப்பாசையில் நாய் இன்னும் மும்முரமாக உட்காருமாம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த 2003 வரைக்கும், ஒரு தடவை ஐம்பது ரூபாய் விழுந்த ருசியில் வாரா வாரம் டிக்கெட் வாங்கிய ஒருவர் அந்த அறையில் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். கையில் கட்டுப் போட்டிருந்தார்.

எனக்கான பாடம், நேரம். மணியின் பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த விநாடியே 'குட்' சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு விநாடி தாமதித்தால் அதற்குள் அவன் எழுந்திருப்பான். எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்வான். 'குட்' வந்தால் துண்டு வந்தே தீரும் என்ற நம்பிக்கைதான் மொத்த வித்தையும். இதை டால்ஃபினிடம் விசிலை வைத்துச் செய்திருக்கிறார்கள். டால்ஃபினுக்குச் சங்கிலி மாட்டி இழுக்க முடியுமா, பிரம்பால் அடிக்கத்தான் முடியுமா? 1960-களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் பிற்பாடு நாய்க்காரர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். விசிலுக்குப் பதில் 'க்ளிக்' என்று சத்தமிடும் ஒரு சின்ன டப்பி. என்னிடம் டப்பி இல்லை, வாய் இருக்கிறது.

துண்டு என்றால் பட்டாணி அளவுதான். வேக வைத்த கோழி, முட்டை, காரட். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது, நாய்க்கு விஷம். அப்பா தானாகவே தேங்காய்ச் சில்லைக் கண்டுபிடித்தார். 'கொஞ்சமா, எப்பவாவது' என்று மேடம் சலுகை கொடுத்தார்.

இதற்கிடையில் ஆபீஸில் எல்லாரிடமும் நான் நாய்ப் பிரசங்கம். வாலாட்டினால் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். வால் விறைத்து, உயரத்தில் 'விர்விர்'ரென்று சின்னதாக ஆடினால் தள்ளி நில்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். அசையாமல் சிலையாகிவிட்டால் ரொம்பவே தள்ளி நில்லுங்கள். "நாய் வாலை நிமிர்த்த முடியுமாய்யா?" என்றார் சீனியர் ஒருவர். நிமிர்ந்தால்தான் ஸார் ஆபத்தே!

அடி வேலைக்கு ஆகாது என்பது மேடத்தின் கருணை மட்டும் இல்லை. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி, 2020-ல் வெளியானது. அதட்டி, இழுத்துப் பழக்கும் பள்ளி நாய்களையும், துண்டு கொடுத்துப் பழக்கும் பள்ளி நாய்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகை நாய்கள் வகுப்பில் அதிகமாகக் கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின. வகுப்பு முடிந்ததும் எச்சிலை எடுத்துப் பார்த்தால், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் ஏறியிருந்தது. பாவ்லோவ் காலத்திலிருந்து நாயின் எச்சில்தான் உண்மை பேசுகிறது.

பத்தாம் நாள் நாலடி. பதினைந்தாம் நாள் ஒரு சறுக்கல்: அம்மா குக்கர் மூடியைக் கீழே போட்டாள், மணி பாத்ரூமுக்குள் ஓடினான், மறுபடி ஆறடி. இருபத்து மூன்றாம் நாள் மூன்றரை. அப்பா யாருக்கும் தெரியாமல் காலண்டரில் பென்சிலால் அடிக்கணக்கு எழுதி வைத்திருந்ததை அம்மா எனக்குக் காட்டிக் கொடுத்தாள். பேரனின் உயரத்தைக்கூட அவர் அப்படிக் குறித்ததில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஐந்தாவது ஊசி. போட்டுக்கொண்டு வந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. ஷர்ட்டை மாற்றிக்கொண்டு, பிரிட்ஜைத் திறந்து தேங்காய் மூடியைத் தேடினார்.

மணி இன்னும் முழுசாகக் கரையேறவில்லை. ஞாயிறு வகுப்புக்கு இப்போது போகிறோம். மைதானத்தின் ஓரத்தில், மற்ற நாய்களிடமிருந்து முப்பது அடி தள்ளி எங்களுக்கு என்று ஒரு வேப்ப மரம். தீபாவளி ராத்திரி முழுக்க, ஜன்னலைச் சாத்தி, டி.வி. சத்தத்தை ஏற்றி, அவனோடு பாத்ரூமில் உட்கார்ந்திருந்தேன். டாங்க் வழிந்தால் இன்றைக்கும் நடுக்கம்தான். அதற்கு ஒரு அலாரம் வாங்கி மாட்டிவிட்டேன், வழிவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்த.

போன வெள்ளிக்கிழமை காலை. பேப்பர் வழக்கம்போல் தட்டுப் பக்கம் விழுந்து கிடந்தது. அப்பா கவனமில்லாமல் குனிந்துவிட்டார். நான் ஷேவிங் பிரஷ்ஷோடு உறைந்து போனேன்.

"உர்ர்ர்..."

எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம்! அப்பா அப்படியே நின்றார். மெதுவாக நிமிர்ந்தார். இரண்டடி பின்னால் போனார்.

"சரிடா, சரி. நீ சாப்பிடு. பேப்பர் அப்புறம் படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் கை விட்டு, ஒரு தேங்காய்ச் சில்லைத் தூக்கிப் போட்டார்.